வசந்தக் கோதுமையின் புரதமும் தழைச்சத்து மேலாண்மையும்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மினசோட்டா, மொன்டானா மாநிலங்களிலும், அவற்றுக்கு வடக்கே கனடாவின் சமவெளி மாகாணங்களிலும், பனி உருகியபின் விதைக்கப்பட்டுக் கோடையின் இறுதியில் அறுவடையாகும் கடினச் சிவப்புக் கோதுமையே இவ்வதிகாரத்தில் வசந்தக் கோதுமை எனப்படுகிறது. இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டுப் பனிக்கடியில் உறங்கி எழும் குளிர்காலக் கோதுமையிலிருந்து இது வேறுபடுவது விதைப்புக் காலத்தால் மட்டுமன்று, மணியில் சேரும் புரதத்தின் மிகுதியாலும்தான். பிசைந்த மாவுக்கு இழுவைத் தன்மையையும், நொதிக்கும்போது எழும் வளியைப் பிடித்துவைக்கும் வலிமையையும் தருவது குளூட்டன் என்னும் புரதத் தொகுதியாதலால், மாவு ஆலைகள் வலிமை குறைந்த பிற கோதுமைகளோடு கலந்து ரொட்டி மாவின் தரத்தை உயர்த்தவே இதனை விலை கொடுத்து வாங்குகின்றன. நெல் சாகுபடியாளர் மூட்டைக் கணக்கையே பெரிதும் நோக்கித் தழைச்சத்து இடுவதுபோல, வசந்தக் கோதுமை விவசாயி எடையை மட்டும் நோக்கி உரமிட இயலாமைக்குக் காரணம் இதுவே.

மினியாபொலிஸ் தானியச் சந்தையின் முன்பேர ஒப்பந்தம் குறைந்தது 13.5 விழுக்காடு புரதத்தை வற்புறுத்துகிறது. ஊர்ப்புறக் கொள்முதல் நிலையங்களோ பொதுவாக 14 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ஐந்தில் ஒரு புள்ளிக்கும் ஊக்கத்தொகை கூட்டியும், கீழ்ப்பட்ட ஒவ்வொன்றுக்கும் கழிவு பிடித்தும் விலை சொல்கின்றன. (13 விழுக்காடு 14 ஆவதை ஒரு புள்ளி உயர்வு என இவ்வதிகாரம் குறிக்கும்.) கழிவு பெரும்பாலும் ஊக்கத்தொகையைவிடக் கடுமையாக இருக்கும் என்பதையும், ஒரு வரம்புக்கு மேல் எவ்வளவு புரதம் இருந்தாலும் கூடுதல் விலை கிடைப்பது அரிது என்பதையும் விவசாயி தொடக்கத்திலேயே மனங்கொள்ள வேண்டும். புரத அளவு எந்த ஈரப்பதத்தில் கணக்கிடப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 12 விழுக்காடு ஈரப்பதத்தையும் கனடாவில் 13.5 விழுக்காட்டையும் அடிப்படையாகக் கொள்வதால், அமெரிக்கச் சீட்டில் 14.0 என வரும் அதே மணி கனடாச் சீட்டில் 13.8-க்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

தழைச்சத்து புரதமாகும் கணக்கு

கோதுமை மணியிலுள்ள நைட்ரஜனை 5.7-ஆல் பெருக்கினால் கிடைப்பதே புரத அளவு. ஆய்வகங்கள் வகுத்துவைத்த இந்த ஒற்றை எண்ணே பின்வரும் கணக்குகள் அனைத்துக்கும் அச்சாணி. ஹெக்டேருக்கு 4 டன் விளையும் வயலில் மணியின் புரதம் 14 விழுக்காடு எனில், அந்த மணிகளில் ஏறக்குறைய 98 கிலோ நைட்ரஜன் அடங்கியிருக்கும். 13 விழுக்காடு எனில் 91 கிலோ. ஆக, நான்கு டன் விளைச்சலில் ஒரு புள்ளி புரதத்தின் மதிப்பு வெறும் 7 கிலோ நைட்ரஜன்தான். இச்சிறு அளவை மணிக்குள் கொண்டு சேர்ப்பதற்கு அதைப்போல் பலமடங்கு உரம் ஏன் தேவைப்படுகிறது என்னும் கேள்வியே புரத மேலாண்மையின் மையச் சிக்கல்.

இதற்கு விடை பயிரின் வளர்ச்சி வரிசையில் உள்ளது. தூர்கட்டும் பருவம்வரை பயிர் உறிஞ்சும் தழைச்சத்து சிறிதே. கணுவிடத் தொடங்கியது முதல் கதிர் வெளிவரும்வரையிலான சில வாரங்களில் உறிஞ்சுதல் வேகமெடுத்து, பூக்கும் நேரத்தில் மொத்தத் தேவையின் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும் சேர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் கிடைக்கும் தழைச்சத்து தூர்களின் எண்ணிக்கையையும், கணுவிடும்போது கிடைப்பது கதிருக்கு எத்தனை மணி என்பதையும் தீர்மானிக்கின்றன. பூத்து முடிந்தபின் மணிகளின் எண்ணிக்கை உறுதியாகிவிடுவதால், அதன்பின் கிடைக்கும் தழைச்சத்துக்கு விளைச்சலைக் கூட்ட வழியின்றிப் புரதமாகச் சேர்வதே மிஞ்சுகிறது. மணி முற்றும்போது மாவுச்சத்து அன்றாடம் நடக்கும் ஒளிச்சேர்க்கையிலிருந்து வர, புரதத்துக்கான நைட்ரஜனோ பெரும்பாலும் முன்பே சேமிக்கப்பட்டு, பழுத்து மடியும் இலைகளிலிருந்து பெயர்ந்து வருகிறது.

மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் இவ்வாறு தனித்தனி ஊற்றுகள் இருப்பதால்தான், விளைச்சலும் புரத விழுக்காடும் பல ஆண்டுகளில் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. மழை நன்கு பெய்து மணி திரண்ட ஆண்டில், அதே நைட்ரஜன் அதிக மாவுச்சத்தில் பரவி நீர்த்துப்போகிறது. இதனைப் புரத நீர்ப்பு எனலாம். வறட்சியிலும் வெப்பத்திலும் மணி நிரம்பும் காலம் சுருங்கும்போது, மாவுச்சத்துச் சேர்க்கையே முதலில் அடிபட, புரத விழுக்காடு உயர்கிறது. 2021-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் வட சமவெளிகளின் விளைச்சல் சரிந்தபோது புரதம் வழக்கத்தைவிட மிக உயர்ந்திருந்ததும், அதனால் புரதத்துக்கான ஊக்கத்தொகை சந்தையில் ஏறக்குறைய மறைந்துபோனதும் இவ்வியல்பின் விளைவே. அதிகப் புரதம் என்பதைத் தன்னளவில் நல்ல சாகுபடியின் சான்றாகக் கொள்வது தவறாகும். சுருங்கிய மணியிலும் புரதம் உயர்ந்தே இருக்கும்.

தழைச்சத்து மிகக் குறைந்த வயலில் இந்த எதிர்த்தன்மை வேறு வடிவம் கொள்கிறது. அங்கு முதலில் இடப்படும் உரம் முழுவதும் விளைச்சலையே உயர்த்துவதால் புரதம் அசையாமல் இருக்கும், சில வேளைகளில் சற்று இறங்கவும் செய்யும். விளைச்சல் தன் உச்சத்தை நெருங்கும்போதுதான் அடுத்தடுத்த கிலோக்கள் புரதத்தை ஏற்றத் தொடங்கும். விளைச்சலுக்குப் போதாத அளவு அடியுரம் இட்டுவிட்டு, பிற்காலத் தெளிப்பால் புரதத்தை மீட்கலாம் என்று எண்ணுபவர் விளைச்சலையும் இழந்து புரதத்தையும் எட்டாமல் போவது இதனாலேயே.

அடியுர அளவை முடிவுசெய்தல்

தெற்கு டகோட்டாவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி, எதிர்பார்க்கும் விளைச்சலில் புஷல் ஒன்றுக்கு 2.5 பவுண்டு தழைச்சத்து என்பதாகும். ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு எடையுள்ளதாதலால், இது டன்னுக்கு ஏறக்குறைய 42 கிலோ ஆகிறது. நான்கு டன் இலக்குக்கு 167 கிலோ தேவை. மணிக்குள் சேரும் 98 கிலோவோடு இதனை ஒப்பிட்டால், பத்தில் நான்கு பங்கு வைக்கோலிலும் வேரிலும் மண்ணிலும் காற்றிலும் போய்விடும் என்னும் கணிப்பு அந்த விதிக்குள்ளேயே அடங்கியிருப்பது புலப்படும்.

இந்த 167 கிலோவும் மூட்டையிலிருந்து வரவேண்டியதில்லை. 60 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து நைட்ரேட் அளவைச் சோதிப்பதும், முந்தைய பயிர் விட்டுச்சென்றதைக் கழிப்பதும் இன்றியமையாதவை. மேல்மண்ணை மட்டும் சோதிப்பது போதாது; நைட்ரேட் நீரோடு கீழிறங்கும் இயல்புடையது, கோதுமை வேரும் அதனைத் தேடி ஆழத்துக்குச் செல்லும். சோதனையில் ஹெக்டேருக்கு 50 கிலோ நைட்ரேட்-நைட்ரஜன் தென்பட்டு, முந்தைய பயிர் சோயா மொச்சை எனில் அதற்காக 45 கிலோவும் கழித்தால், எஞ்சும் தேவை 72 கிலோ. 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவில் அது 156 கிலோவாகும்.

எனினும், விளைச்சல் இலக்கிலிருந்து உரத்தைக் கணிக்கும் இம்முறையை ஃபார்கோவிலுள்ள வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் வல்லுநர் டேவிட் ஃபிரான்சன் கைவிட்டார். நீர்வளம் மிக்க ஆண்டில் விளைச்சல் கூடும்போது, அதே ஈரம் மண்ணின் கரிமப் பொருளைச் சிதைத்துத் தழைச்சத்தையும் கூடுதலாக விடுவிக்கிறது, வேரின் உறிஞ்சும் திறனையும் உயர்த்துகிறது. ஆகவே அதிக விளைச்சலுக்கு அதே விகிதத்தில் அதிக உரம் தேவைப்படுவதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதனிடத்தில் அவர் முன்வைத்த முறை, வட்டார வாரியான வயல் ஆய்வுகளோடு உரத்தின் விலையையும் கோதுமையின் விலையையும் சேர்த்து, கடைசிக் கிலோ உரம் தன் செலவை மீட்கும் இடத்தில் நிற்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழாமலே சாகுபடி செய்யப்பட்ட நிலத்துக்கு அம்முறை ஹெக்டேருக்கு ஏறக்குறைய 55 கிலோவைக் கழித்துவிடுகிறது. உழாத நிலத்தின் தொடக்க ஆண்டுகளில் நிலைமை நேர்மாறானது: மேற்பரப்பில் கிடக்கும் வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்வதால், அங்குச் சற்றுக் கூட்டியே இட வேண்டியிருக்கும். கைக்கணக்குக்குப் பழைய விதி எளிது. உரவிலை ஏறி இறங்கும் காலத்தில் புதிய முறையே நம்பத்தக்கது.

இட்ட உரம் மண்ணில் நிலைப்பது அடுத்த கவலை. ஈரமான மண்மீதும் தாள்கட்டைமீதும் தூவப்பட்ட யூரியா, யூரியேஸ் என்னும் நொதியால் சிதைந்து அம்மோனியா வளியாகப் பறந்துவிடும். காரத்தன்மையுள்ள மண்ணில் இவ்விழப்பு மேலும் மிகும். 12 மில்லிமீட்டர் அளவு மழையோ உழவோ அதனை மண்ணுக்குள் இறக்கிவிடும் என உறுதியில்லாத இடத்தில், அந்நொதியைத் தடுக்கும் மருந்து பூசிய யூரியா பயனளிக்கும். இலையுதிர் காலத்திலேயே நீரற்ற அம்மோனியாவை மண்ணுக்குள் செலுத்தும் வழக்கமுள்ள விவசாயிகள், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் காலை வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். முந்திச் செலுத்தினால் அது நைட்ரேட்டாக மாறி, வசந்தகாலப் பனிநீரில் கரைந்தோ, செந்நதிப் பள்ளத்தாக்கின் களிமண்ணில் நீர் தேங்கும்போது நைட்ரஜன் வளியாகவோ வெளியேறிவிடும். விதையோடு சேர்த்து யூரியாவை மிகுதியாக இட்டால் முளைப்பு பழுதுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பூத்தபின் தெளித்தல்

அடியுரம் சரியாக இடப்பட்டும், மழை எதிர்பார்த்ததை விஞ்சிப் பயிர் செழித்து நிற்கும் ஆண்டில்தான் பிற்காலத் தெளிப்பைப் பற்றிய கேள்வி எழுகிறது. செழிப்பான பயிர் என்றால் புரத நீர்ப்பு உறுதி. அதைச் சரிக்கட்டப் பூத்தபின் கொஞ்சம் தழைச்சத்தை இலைவழி கொடுக்கலாமா என்பதே கேள்வி. கதிருக்கு நேர்கீழே உள்ள கடைசி இலையான கொடி இலையைக் கொய்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை இதற்கு ஓரளவு துணைசெய்யும். கதிர் வெளிவரும் தறுவாயில் அவ்விலையின் நைட்ரஜன் 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கூடுதல் உரத்தால் பெரும் பயன் விளைவதில்லை என மொன்டானா ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழக நெல் வயல்களில் பயன்படும் இலை வண்ண அட்டையின் நோக்கமும் இதுதான், அளக்கும் கருவிதான் வேறு.

வடக்கு டகோட்டாவில் பரிந்துரைக்கப்படும் முறை, ஏக்கருக்கு 10 கேலன், அதாவது ஏறக்குறைய 38 லிட்டர், யூரியா-அம்மோனியம் நைட்ரேட் கரைசலை அதே அளவு நீரோடு கலந்து, பயிரின்மேல் சீராகத் தெளிப்பதாகும். 28 விழுக்காடு தழைச்சத்துள்ள இக்கரைசலில் பாதி நைட்ரஜன் யூரியா வடிவிலும், கால் பங்கு அம்மோனியம் வடிவிலும், கால் பங்கு நைட்ரேட் வடிவிலும் இருக்கும். இவ்வளவில் ஹெக்டேருக்கு 34 கிலோ தழைச்சத்து சேர்கிறது. புரதம் அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளிவரை உயரக்கூடும்.

தெளிக்கும் நாளைத் தேர்வதில் துல்லியம் வேண்டும். கோதுமைக் கதிரில் பூப்பு நடுப்பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவும். உமிக்கு வெளியே தொங்கும் மகரந்தப் பைகள் முதலில் மஞ்சளாக இருந்து, ஓரிரு நாளில் வெளுத்து, காற்றில் உதிரும். கதிரின் மேல்நுனியிலும் அடியிலும் பைகள் வெளுத்துவிட்டன எனில் பூப்பு முடிந்தது; நடுக்கதிரிலிருந்து ஒரு மணியைப் பிதுக்கினால் பால் வராது, தெளிந்த நீரே கசியும். பூப்பு முடிந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வரும் இக்கட்டமே தெளிப்புக்கு உகந்தது. பொதிப் பருவத்தில் தெளித்தால் கொடி இலை கருகி விளைச்சல் குறையும். பால் முற்றியபின் தெளித்தால், நைட்ரஜன் இலையிலிருந்து மணிக்குப் பெயர்ந்து செல்லப் போதிய காலம் இராது.

அதிகாலையின் குளிர்ச்சியில் தெளித்து, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவது இலைக் கருகலைக் குறைக்கும். கதிரழுகல் நோய்க்கான பூஞ்சைக்கொல்லி பூப்பின் தொடக்கத்தில் தெளிக்கப்படுவதால், ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முடித்துவிடும் ஆசை பலருக்கு எழுவது இயல்பே. டீசல் மிச்சமாகும், சக்கரத்தடத்தில் மிதிபடும் பயிரும் குறையும். ஆயினும் அந்நாள் உரத்துக்கு முந்திய நாள், கருகலுக்கு ஏற்ற நாளும்கூட. இரண்டையும் கலப்பதைத் தவிர்ப்பதே நன்று.

இனி வரவு செலவு. தெளித்த 34 கிலோவில் மணிக்குச் சென்று சேர்வது, முன்னர்க் கண்ட கணக்குப்படி, 3.5 முதல் 7 கிலோவரையே. அதாவது பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை. உரப் பயன்பாட்டுத் திறனாக நோக்கினால் இது மிகத் தாழ்ந்த அளவு. ஆகவே இத்தெளிப்பை வேளாண் நுட்பம் என்பதைவிடச் சந்தையை நோக்கிய பந்தயம் என்பதே பொருந்தும். கணக்கின் பொருட்டு, ஹெக்டேருக்கு உரமும் தெளிப்புக் கூலியும் சேர்ந்து 50 டாலர் எனவும், விளைச்சல் 4 டன் எனவும், கிடைக்கும் உயர்வு அரைப் புள்ளி எனவும் கொள்க. ஒரு புள்ளிக்கு டன்னுக்கு 10 டாலர் விலை வேறுபாடு இருக்கும் ஆண்டில் வரவு 20 டாலர்தான், 30 டாலர் நட்டம். அதே வேறுபாடு 40 டாலராக இருக்கும் ஆண்டில் வரவு 80 டாலர், 30 டாலர் ஆதாயம். தெளிக்கும் ஜூலை மாதத்தில் செப்டம்பரின் புரத விலை எவருக்கும் தெரியாது. வட சமவெளி முழுவதும் மழை பெய்து செழித்திருந்தால் எல்லோருடைய புரதமும் தாழ்ந்து வேறுபாடு விரியும். தன் வயல் மட்டும் செழித்துச் சுற்றிலும் வறண்டிருந்தால் சந்தையில் புரதம் மலிந்து வேறுபாடு சுருங்கும். எனவே தன் பயிரைக் காட்டிலும் பக்கத்து மாவட்டங்களின் மழைநிலையைப் பார்த்து இதனை முடிவுசெய்வதே புத்திசாலித்தனம். 13.8-இல் நிற்கக்கூடிய பயிரை 14-ஐத் தாண்டவைப்பது கழிவைத் தவிர்ப்பதாதலால், 14.5-ஐ 15 ஆக்குவதைவிட ஆதாயம் மிக்கது என்பதும் இத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கந்தகமும் ரகமும்

குளூட்டனின் இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பவை கந்தகப் பாலங்களே. கந்தகம் குறைந்த மண்ணில் தழைச்சத்தை மட்டும் கூட்டினால், சோதனைச் சீட்டில் புரத விழுக்காடு உயரக்கூடும்; ஆனால் அந்த மாவு இழுவையின்றி விறைத்து நிற்கும். பிணையாத நைட்ரஜன் அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலமாக மணியில் தேங்குவதும், அது அடுப்பின் வெப்பத்தில் அக்ரிலமைடாக மாறக்கூடியது என்பதும் பிற்கால ஆய்வுகளால் வெளிப்பட்டவை. மணியில் நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் உள்ள விகிதம் 17-க்கு மேல் போவது கந்தகப் பற்றாக்குறையின் அறிகுறியாகும். மணற்பாங்கான, கரிமப் பொருள் குறைந்த மேட்டு நிலங்களில், தழைச்சத்தோடு 24 விழுக்காடு கந்தகமும் கொண்ட அம்மோனியம் சல்பேட்டை அடியுரத்தின் ஒரு பகுதியாக இடுவது இதற்கு எளிய தீர்வு.

உரத்தால் இயலாததை ரகத் தேர்வு செய்துவிடும் வாய்ப்பும் உண்டு. ஒரே வயலில் ஒரே உரத்தில் வளரும் இரு ரகங்களிடையே ஒரு புள்ளிக்கும் மேற்பட்ட வேறுபாடு அரிதன்று. காட்டு எம்மர் கோதுமையிலிருந்து வந்த ஜிபிசி-பி1 என்னும் மரபணுவை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கி குழுவினர் 2006-இல் தனித்தெடுத்துக் காட்டினர். இம்மரபணு இலைகளை முந்திப் பழுக்கச் செய்து, நைட்ரஜனோடு துத்தநாகத்தையும் இரும்பையும் மணிக்கு விரைந்து பெயர்க்கிறது. கனடாவின் லில்லியன் ரகம் இதனைத் தாங்கியதே. மணி நிரம்பும் காலம் சுருங்குவதால் சில சூழல்களில் விளைச்சல் சற்றுக் குறையலாம் என்பது இதன் விலை.

அறுவடைக்குப்பின்

கொள்முதல் நிலையம் தரும் புரதச் சீட்டு, விற்பனை ஆவணமாக மட்டுமன்றிக் கடந்த பருவத்தின் உர மேலாண்மையைச் சோதித்த அறிக்கையாகவும் பயன்படும். வழக்கமான மழை பெய்த ஆண்டில் புரதம் 13 விழுக்காட்டுக்குக் கீழ் வந்திருந்தால், விளைச்சலுக்கே தழைச்சத்து போதாமல் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வயலில் அடுத்த கோதுமைக்கு அடியுரத்தைக் கூட்டுவது நியாயம். 15-க்கு மேல் வந்து விளைச்சலும் சுமாராக இருந்தால், நீரே குறையாயிருந்தது எனக் கொண்டு, மண்ணில் மிஞ்சியிருக்கும் நைட்ரேட்டை இலையுதிர் காலச் சோதனையில் தேடலாம். பிற்காலத் தெளிப்பு செய்தவர்கள், தெளிப்பானின் ஒரு வீச்சு அகலத்துக்கு ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டுவைத்து, அதனையும் பக்கத்துப் பட்டையையும் தனித்தனியே அறுத்து, இரண்டின் எடையையும் புரதத்தையும் ஒரே ஈரப்பத அடிப்படையில் ஒப்பிட வேண்டும். ஒரே பட்டையை நம்பாமல், வயலின் மேட்டிலும் பள்ளத்திலுமாக மூன்று நான்கு இடங்களில் இதனைச் செய்தால்தான், தெரியும் வேறுபாடு உரத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா எனப் பிரித்தறிய முடியும்.